சீட்டில் விழுந்த அனுப்பம்பட்டு

உத்தியோகத்தில் இருந்த காலம் முழுக்க நான் சங்கங்களைப் பதிவு செய்துகொண்டிருந்தேன். சலவைத் தொழிலாளர் சங்கம், வாடகைப் பந்தல்காரர் சங்கம், ஒரே தெருவில் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்த இரண்டு குடியிருப்போர் நலச் சங்கங்கள். துணைவிதிகளைப் படித்து, நோக்கங்கள் என்ற தலைப்பின் கீழே ‘உறுப்பினர்களிடையே நல்லுறவை வளர்த்தல்’ என்று இருக்கிறதா எனப் பார்த்துவிட்டு முத்திரை குத்துவேன். அந்த வரி இல்லாத சங்கத்தை நான் பார்த்ததில்லை. அந்த வரியின்படி நடந்த சங்கத்தையும் பார்த்ததில்லை. ஓய்வு பெற்றுக் காட்டூரில் வீடு கட்டிக்கொண்டு வந்தபோது, இனி யாருடைய நல்லுறவும் என் தலையில் விழாது என்று நம்பினேன்.

எங்கள் வீட்டுக்கு இறால் கொண்டுவந்து விற்கும் ஒரு அம்மாள் உண்டு. பழவேற்காட்டு ஏரிக்கரையில், தோணிரேவுக்குப் பக்கத்துக் குப்பத்துக்காரர். அவருடைய மகள்தான் இந்த விஷயத்தில் என்னை இழுத்துவிட்டவள். மகளின் கணவன் வடசென்னையில் ஒரு பாத்திரப் பட்டறையில் வேலை பார்த்தவன். பட்டறையை மூடியபோது அங்கிருந்த பழைய ஸ்பின்னிங் மிஷின் ஒன்றை வாங்கி லாரியில் ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பினான். வட்டமாக வெட்டிய அலுமினியத் தகட்டை அச்சோடு சேர்த்துச் சுழலவிட்டு, நீளமான கம்பியால் அழுத்தினால், தகடு அச்சின்மேல் படிந்து சட்டியாகிவிடும். அவன் அழுத்துவான். அதிகம் பேசமாட்டான். அவள் விளிம்பை மடக்கி, பாலிஷ் போட்டு, ஏரியைச் சுற்றியுள்ள குப்பங்களுக்குக் கொண்டுபோய் விற்பாள். அவளுக்கு அவனுடைய பங்குப் பேச்சையும் சேர்த்துப் பேசத் தெரியும்.

அவளே யோசித்துச் செய்த நண்டுச் சட்டி ஒன்று உண்டு. அடி கனம், வாய் அகலம். கரண்டியை விட்டுத் திருப்பினால் நண்டின் கால் ஒடியாது. கடையில் கிடைக்கும் எந்தச் சட்டியிலும் அது நடக்காது என்பதை என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். ஏரிக்கரையில் புதுக் குடித்தனம் வைக்கும் பெண்ணுக்கு அந்தச் சட்டி ஒன்று கொடுத்தனுப்புவது வழக்கமாகியிருந்தது.

அப்போதுதான் அலுமினியப் பாத்திரங்களுக்குத் தர முத்திரை கட்டாயம் என்று ஆணை வந்தது. ஒரு நாள் காலை அவள் என் வீட்டு வாசலில் நின்றாள்.

“சார், சங்கத்துல சேரணும். இன்னா பண்ணணும்னு சொல்லுங்க.”

“எந்தச் சங்கத்தில் அம்மா?”

“பாத்திரம் செய்றவங்க சங்கம். பொன்னேரில கீது. முத்திர இல்லாம விக்கக் கூடாதாமே? சட்டிய டெஸ்ட்டு பண்ற எடத்துல சங்கம் வழியா போனாத்தான் நம்மள மாதிரி ஆளுங்கள உள்ள வுடுவாங்களாம்.”

“நேரடியாகவே விண்ணப்பிக்கலாம். சட்டத்தில் இடம் இருக்கிறது.”

“சட்டத்துல கீது சார். அந்த எடத்துல வாட்ச்மேன் கீறானே.”

விண்ணப்பத்தை நான் பூர்த்தி செய்தேன். முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர் வேண்டும். இரண்டு பேரும் ஏற்கெனவே உறுப்பினராக இருக்க வேண்டும். இந்த இடத்தில்தான் சின்ன ஆட்கள் எல்லா ஊரிலும் அலைவார்கள். அவள் அலையவில்லை. சங்கத்தின் தலைவரே முன்மொழிகிறேன் என்றார். நெடுஞ்சாலை ஓரத்தில் பெரிய தொழிற்சாலை வைத்திருக்கும் உறுப்பினர் ஒருவர் வழிமொழிகிறேன் என்றார். என் அனுபவத்தில், ஒரு சங்கம் ஆளைச் சேர்க்கத் தயங்கினால் பயப்பட ஒன்றுமில்லை. தலைவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தால், சேருகிற ஆளிடம் அவர்களுக்கு வேண்டியது ஏதோ இருக்கிறது.

பட்டறையைப் பார்வையிட அவர்கள் இருவரும் வந்த அன்று அவள் என்னையும் வரச் சொல்லியிருந்தாள். தலைவர் மிஷினைத் தடவிப் பார்த்து, “அந்தக் காலத்து உருப்படிம்மா, கோயில் கட்டிக் கும்புடணும்” என்றார். தொழிற்சாலைக்காரர் மிஷின் பக்கமே போகவில்லை. நண்டுச் சட்டி ஒன்றை எடுத்து, குப்புறக் கவிழ்த்து, அடியை விரலால் சுண்டி ஓசை கேட்டார். கைவிரலை விரித்து வாயின் அகலத்தை அளந்தார்.

“எந்தெந்த ஊருக்குப் போவுதும்மா இது?”

அவள் குப்பம் குப்பமாகச் சொல்ல ஆரம்பித்தாள். எந்த ஊரில் திருவிழாவுக்கு முன்னால் விற்கும், எந்த ஊரில் கல்யாண மாதத்தில் கேட்பார்கள், எங்கே இரண்டு அளவும் போகும். நான் இருமினேன். இன்னொரு முறை பலமாக இருமினேன்.

“இன்னா சார் இருமல்? சுக்குத் தண்ணி வெச்சுத் தரட்டா?” என்றாள்.

தொழிற்சாலைக்காரர் எனக்காகத் தானே எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். மரியாதையான மனிதர். நான் குடித்து முடிக்கும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் உறுப்பினரானாள். சட்டிகள் பரிசோதனைக்குப் போயின, தேறின, முத்திரை வந்தது. சங்கம் சொன்ன சொல்லைக் காப்பாற்றியது என்பதை நான் எழுதியே ஆக வேண்டும்.

அந்த வருஷப் பொதுக்குழு பொன்னேரியில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. துணைக்கு என்று என்னை அழைத்துப் போனாள். பார்வையாளராக உட்கார விதியில் இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். கூட்டத்தில் ஒரே விவகாரம்தான். என் ஊரில் வந்து நீ விற்கிறாய், நான் வைத்த விலைக்குக் கீழே நீ கொடுக்கிறாய். இட்லிச் சட்டிக்காரர் டிபன்கேரியர்காரரை நோக்கி நாற்காலியைத் தூக்கினார். இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். தன்னைப் பிடித்துக்கொள்ளட்டும் என்றுதான் அவரும் தூக்கியிருந்தார்.

அப்போது அவள் எழுந்தாள்.

“ஏரில நாங்க இப்டி அடிச்சிக்கறதில்லிங்க. பாடு கீது. யாரு எங்க வல கட்றதுனு சீட்டுப் போட்டுப் பிரிச்சிப்பாங்க. அவன் எடத்துல இவன் எறங்க மாட்டான். இங்கயும் ஊரப் பிரிச்சு சீட்டுப் போட்டுடுங்களேன்.”

கூடம் முழுக்கச் சிரித்தது. “ஏம்மா, எவர்சில்வர் எந்தப் பக்கம் நீஞ்சும்?” என்று ஒருவர் கேட்டார். “கரண்டிக்குத் தனி வலையா?” என்றார் இன்னொருவர். தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. தொழிற்சாலைக்காரர் பக்கம் குனிந்து ஏதோ சொன்னார். பிறகு நிமிர்ந்து, “தங்கச்சி சொல்றது நல்ல யோசன” என்றார்.

சிரிப்பு அடங்கிப்போயிற்று.

அங்கேயே, அப்போதே சீட்டுப் போட்டார்கள். சீட்டுகளைப் போட ஏனம் தேடினார்கள். தலைவருக்குக் கொடுக்க என்று அவள் கொண்டுவந்திருந்த நண்டுச் சட்டியைத்தான் மேசைமேல் வைத்தார்கள். ஒவ்வொருவராகப் போய் எடுத்தார்கள். அவளுக்கு அனுப்பம்பட்டு ஸ்டேஷன் சுற்றுவட்டாரம் வந்தது. பழவேற்காடும் ஏரிக்கரைக் குப்பங்களும் தொழிற்சாலைக்காரருக்கு வந்தன. அவருடைய சீட்டை அவர் படிக்கவில்லை. மடிப்புப் பிரிக்காமல் தலைவரிடம் கொடுத்தார், தலைவர் படித்தார். யாரும் வாங்கிப் பார்க்கவில்லை. அந்தக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பைப் பின்னால் நான் கேட்டு வாங்கிப் படித்தேன். ‘பொது விவாதம் நடைபெற்றது. தேநீர் வழங்கப்பட்டது’ என்று இருந்தது. எழுதி வைத்த தீர்மானத்தை ரத்து செய்யலாம். எழுதாததை ரத்து செய்ய எந்த விதியும் இல்லை.

திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் அவளுக்கு இருந்த சந்தோஷத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

“எங்க வூட்ல மொத மொத எம்பேருக்குத்தான் சீட்டு வுழுந்துகீது சார்.”

இது புரிய வேண்டுமானால் ஏரியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பாடு முறையில் எல்லோருக்கும் இடம் கிடையாது. அதற்கென்று உரிமையுள்ள குடும்பங்கள் இருக்கின்றன. அவளுடைய குடும்பம் கையால் இறால் தடவுகிற குடும்பம். ஓலைப் பறிக்கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து சேற்றைத் துழாவுகிறவர்கள். அவளுடைய அப்பா வாழ்நாள் முழுக்க மற்றவர்களின் வலைகளுக்கு வெளியே ஒதுங்கித்தான் துழாவினார். சீட்டுப் போடுகிற நாளில் தூர நின்று பார்ப்பாராம்.

“எங்க நைனா இருந்திருந்தா இன்னிக்கு அழுதிருக்கும்,” என்றாள்.

“அனுப்பம்பட்டில் உன் சட்டியை யார் வாங்குவார்கள்? ரயிலேறிச் சென்னைக்குப் போய் வருகிற ஜனம்.”

“இந்தத் தபா அனுப்பம்பட்டு. அடுத்த தபா ஏரி வரும். சுத்தி வரும் சார்.”

“சுற்றி வரும் என்று அங்கே யாரும் சொல்லவில்லையே.”

அவள் என்னை வினோதமாகப் பார்த்தாள். “அத வேற சொல்லணுமா இன்னா? பாடுன்னாலே சுத்தி வரதுதான?”

அவள் சொன்னது உண்மை. ஏரியில் இன்றைக்கு நல்ல இடம் கிடைத்தவனுக்கு நாளைக்கு மோசமான இடம். மோசமான இடத்தில் நின்றவன் நல்ல இடத்துக்கு நகர்வான். அந்தச் சுழற்சி இருப்பதால்தான் சீட்டுக்கு எல்லோரும் கட்டுப்படுகிறார்கள். ஏரிக்கரையில் பிறந்த யாரும் அதைத் தனியாக எடுத்துச் சொல்லமாட்டார்கள். சங்கத்தார் சீட்டை எடுத்துக்கொண்டார்கள். சுழற்சியை அவர்களிடம் யாரும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

அவள் அனுப்பம்பட்டுக்குப் போனாள். ஸ்டேஷனுக்கு வெளியே சாக்கு விரித்துச் சட்டிகளை அடுக்கினாள். ரயிலிலிருந்து இறங்குகிறவர்கள் வீட்டுக்குப் போகிற அவசரத்தில் சட்டிகளைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். ஏரிக்கரைப் பெண்கள் அவள் வீட்டுக்கே வந்து சட்டி கேட்டார்கள். கொடுக்க மறுத்தாள்.

“இப்ப எம்பாடு இல்லக்கா.”

“ஐய, உங்கூட்டு சட்டிய எனக்குக் குடுக்க உனுக்கு எவன்டி பாடு வெச்சான்?”

“சீட்டு போட்டாச்சுக்கா. வரட்டும், தரேன்.”

ஏரிக்கரையில் இப்போது தொழிற்சாலைக்காரரின் வேன் வந்தது. அதே அகல வாய், அதே விளிம்பு. அடி மட்டும் மெல்லிசு. முதல் வாரமே கறுத்துப்போன சட்டியை ஒருத்தி அவளிடம் கொண்டுவந்து காட்டினாள். அவள் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “நம்ம அச்சு மாதிரியே கீது” என்றாள் கணவனிடம். அவன் மிஷினை நிறுத்திவிட்டு வந்து பார்த்தான். போய் மறுபடியும் ஓட்டினான்.

நான் அவளுக்கு எடுத்துச் சொன்னேன். வியாபாரிகள் கூடி ஊர்களைப் பங்கு போட்டுக்கொள்வது சட்டப்படி குற்றம். எந்த ஆணையத்துக்கு எழுத வேண்டும், எப்படி எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியும். அவள் கையெழுத்துப் போட்டால் போதும்.

“எந்திரிச்சு நின்னு சொன்னதே நான்தான சார்? நானே போட்ட சீட்ட நானே கிழிக்கறதா? பாடு மீறனவன ஊர்ல இன்னா பண்ணுவாங்க தெரியுமா?”

அடுத்த பொதுக்குழு வந்தது. இந்த முறை யாரும் நாற்காலியைத் தூக்கவில்லை. எல்லோரும் ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டார்கள். உண்மையிலேயே நல்லுறவு வளர்ந்திருந்தது. அவள் எழுந்து, மறு சீட்டு எப்போது என்று கேட்டாள்.

“நல்லாத்தானம்மா போய்ட்டிருக்கு? எதுக்குக் கலைக்கணும்?” என்றார் தலைவர். பேச்சு அடுத்த பொருளுக்குப் போயிற்று. கூடத்தில் ஒருவர்கூட அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. போன வருஷம் கேலி செய்தவர்களாவது அவள் முகத்தைப் பார்த்துப் பேசினார்கள்.

வெளியே வரும்போது தலைவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “சாருக்குப் பென்ஷன்லாம் ஒழுங்கா வருதுங்களா?”

“வருகிறது.”

“காட்டூர்ல அந்த ஆரஞ்சு கேட்டு வூடுதான? பின்னாடி சுவரு கொஞ்சம் தாழ்வா கீது சார். பாம்பு வரும். பாத்து இருங்க.”

அவரை நான் என் வீட்டுக்கு அழைத்ததில்லை. எந்த ஊர் என்றும் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு அவளுக்கு வழக்கமாகத் தகடு கொடுப்பவர் ஸ்டாக் இல்லை என்றார். வேறு இரண்டு இடங்களிலும் ஸ்டாக் இல்லை. மிஷின் நின்றுவிட்டது. ஒரு நாள் சங்கத்திலிருந்து அன்பான குரலில் போன் வந்தது. தொழிற்சாலைக்காரர் அவளுக்குக் கூலி வேலை தரத் தயாராக இருக்கிறார். அச்சை மட்டும் கொண்டுவந்து அவரிடம் ஒப்படைத்துவிட வேண்டும்.

அன்றைக்குத்தான் அவள் மாறினாள் என்று நினைக்கிறேன். எல்லை தாண்டி ஆந்திரப் பக்கம் போய், தடாவில் ஒரு வியாபாரியைப் பிடித்துத் தகடு வாங்கி வந்தாள். கணவன் இரண்டு வாரம் மிஷினை விட்டு நகரவில்லை. பிறகு என்னிடம் வந்தாள்.

“நாளைக்குப் பாலம் தாண்டிக் கடலோரக் குப்பத்துக்கு லோடு போறோம். நீங்களும் வரீங்க.”

“சீட்டை மீறுவதில்லை என்றாயே?”

“எங்க சார் மீறனேன்? அனுப்பம்பட்டு முடிஞ்சிது. எம்பாடு வந்துகீது. அவங்க சுத்தலன்னா நானே சுத்திக்கறேன்.”

சட்டம் தெரிந்த ஆள் பக்கத்தில் இருந்தால் தெம்பு என்றாள். சட்டம் தெரிந்த ஆளுக்கு அவ்வளவு தெம்பு இல்லை என்பதை நான் சொல்லவில்லை. லோடு ஆட்டோவை அவளுடைய கணவன் ஓட்டினான். முன் இருக்கையில் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்திருந்தோம். பழவேற்காட்டுக் கடைத்தெருவில் ஒரு வெள்ளை வேன் எங்கள் பின்னால் சேர்ந்துகொண்டது. பாலத்தில் எங்கள் வண்டி மெதுவாகப் போனது. அதுவும் மெதுவாக வந்தது. கணவன் ஓரம் ஒதுங்கி வழி விட்டான். வேன் முந்தவில்லை.

குப்பத்தில் நாங்கள் இறங்கியதும் பெண்கள் கூடிவிட்டார்கள். அவள் ஒரு சட்டியைக் கவிழ்த்துக் கையால் தட்டினாள். “அடி பாருக்கா! இது தடாலருந்து எறக்கன தகடு. உம் பேத்தி காலத்துக்கும் அடுப்ப வுட்டு எறங்காது.” வரிசை நீண்டது. வேன் எங்கள் வண்டிக்குப் பின்னால் நின்றது. தொழிற்சாலைக்காரரே இறங்கி வந்தார். கூட இரண்டு ஆட்கள்.

“நல்லா இருக்கியாம்மா? எல்லாத்தயும் நானே எட்த்துக்கறேன். வெயில்ல எதுக்கு நிக்கற? மொத்தமா வேன்ல ஏத்திடு.”

அவள் கையிலிருந்த சட்டியை அடுத்த பெண்ணிடம் நீட்டினாள்.

“ஆளுக்கு ஒண்ணுதாண்ணே. வரிசைல நில்லுங்க.”

பெண்கள் சிரித்த சிரிப்பில் கொடியில் உட்கார்ந்திருந்த காக்கைகள் பறந்தன. “ஐய, கம்பெனிக்காரரே நம்ம சட்டிக்கு நிக்கறாருடி!” என்றாள் ஒருத்தி. “அவர் சட்டில அவர் வூட்டம்மா ஆக்க மாட்டேன்ட்டாங்களாம்!” என்றாள் இன்னொருத்தி. தொழிற்சாலைக்காரர் கோபப்படவில்லை. உண்மையாகவே வரிசையின் கடைசியில் போய் நின்றார். முறை வரும்வரை நின்றார். சட்டியை வாங்கி, கவிழ்த்து, அடியை விரலால் சுண்டினார்.

“தகடு நல்லா இருக்கே. எங்க வாங்கன?”

அவள் பேசவில்லை. வாழ்க்கையில் முதல் முறையாக அவள் பேசாமல் இருந்ததைப் பார்த்தேன். பக்கத்தில் நின்ற வயதான அம்மாள்தான் பெருமையாகச் சொன்னாள்: “தடாலருந்து வருது தம்பி! பாவம், இவளே போய் அலைஞ்சு எட்த்தாறா. இங்கல்லாம் இந்த மாதிரி ஏது?”

“அப்டியாக்கா? சரிக்கா,” என்றார் அவர். சட்டியைத் தானே தூக்கிக்கொண்டு போய் வேனில் ஏறினார். வேன் புழுதி கிளப்பாமல் மெதுவாகத் திரும்பிப் போயிற்று.

கொண்டுபோன சட்டிகள் ஒன்றுகூட மிச்சமில்லை. காலி வண்டி கடகடவென்று ஓசையிட்டுக்கொண்டு வந்தது. பாலத்தில் ஏறும்போது அவளுடைய போன் அடித்தது. எடுத்தாள்.

“சொல்லுங்கண்ணே... ம்... ம்... இல்லண்ணே, நீங்க இன்னா பண்ணுவீங்க... இல்ல, தப்பா நெனைக்கல... புள்ளைங்க கீது, தெரியும்ண்ணே. வெச்சிடுங்க.”

போனை மடியில் வைத்துக்கொண்டாள். தடாக்காரர் என்றோ, இனி தகடு தரமாட்டார் என்றோ சொல்லவில்லை, சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. ஏரியில் தண்ணீர் வற்றியிருந்தது. தூரத்தில் வலைக் கம்புகள் வரிசையாகத் தெரிந்தன. அவற்றுக்கு வெளியே கழுத்தளவில் சில தலைகள்.

“சார், பழைய பாத்திரத்த உருக்கி நாமளே தகடு எட்த்தா, அதுக்கு இன்னா லைசென்ஸ் வேணும்?”

அது எந்த அலுவலகம், என்ன படிவம், எந்தத் துறையின் தடையில்லாச் சான்று என்று எல்லாம் எனக்குத் தெரியும். உருக்குகிற குப்பையில் என்னென்ன கலந்திருக்கும் என்பதும் தெரியும். அந்தத் தகட்டில் செய்த சட்டி பரிசோதனையில் ஒரு நாளும் தேறாது. முத்திரை போய்விடும், முத்திரையோடு பட்டறையும் போய்விடும். அவர்கள் அவளை ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. ஒரு சட்டியை எடுத்துக்கொண்டுபோய்ச் சோதிக்கச் சொன்னால் போதும். வரிசையில் நின்று வாங்கவும் அவர்களுக்குப் பொறுமை இருக்கிறது.

இதில் பாதியைச் சொன்னேன். முத்திரை போய்விடும் என்றேன்.

“போவட்டும்னு சொல்லல சார். அதுக்குள்ள இன்னொரு தகடுக்காரன் கெடைக்க மாட்டானா? கெடைக்கற வரிக்கும்தான்.”

“வேண்டாம் அம்மா. லைசென்ஸ் கிடைக்காது.”

“கெடைக்காதா, உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியாது,” என்றேன்.

“சாருக்கே தெரியாதாம்பா,” என்று சிரித்தாள். பிறகு கணவன் பக்கம் திரும்பினாள்.

“யோவ், மீஞ்சூர்ல அந்தக் காயலாங்கடக்காரன் நம்பரு உங்கிட்ட கீதா?”

அவன் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து அவளிடம் நீட்டினான்.